இரண்டே ஆண்டில் மூன்று பேட்டரி: குற்றம் பேட்டரியுடையதுதானா?

செம்பவாங் சேற்றுவண்டி | சனிக்கிழமை, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஏணி வடிவ அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட, 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் கொண்ட, 2016இல் பதிவான சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி. பெயரைச் சொல்லாமலே இங்குள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கடந்த 26 மாதங்களில் இதற்கு மூன்று பேட்டரி வாங்கிவிட்டேன். மூன்றாவதற்கு இன்று மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் இன்று காலை மீண்டும் அதே கதை.

அறிகுறிகள் ஒவ்வொரு முறையும் ஒன்றே. சாவியைத் திருப்பினால் எஞ்சின் மிக மெதுவாகச் சுற்றும், அல்லது "டக் டக்" என்ற ஒலி மட்டும் கேட்கும். போன மாதம் மழையில் மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, வைப்பர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முகப்பு விளக்கு மங்கி மீண்டதைக் கண்டேன். எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற அச்சத்தில், அணையப் போகிற அடுப்பைப் போல அதைக் காத்துக்கொண்டே போனேன்.

வேலைக்கு ரயிலில் போகிறேன். ஆகையால் வார நாட்களில் வண்டி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்திலேயே நிற்கும். சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய்வருவோம். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை நண்பர்களோடு மலேசியாவின் கோத்தா திங்கி பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டச் சாலைகளுக்குப் போவோம். பட்டறையில் ஒவ்வொரு முறையும் கையடக்கக் கருவி ஒன்றை மாட்டி, "பேட்டரி போய்விட்டது" என்று சொல்லிப் புதியதைப் போடுகிறார்கள். பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முடியப் போகிற வண்டிக்கு இத்தனை செலவு வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அடுத்து நான் எதைப் பார்க்க வேண்டும்?

---

ஈசூன் பழைய மெக்கானிக் | சனிக்கிழமை, இரவு 10.25

தம்பி, அடுத்த பேட்டரி வாங்குவதற்கு முன் இருபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு மல்டிமீட்டர், அதாவது மின் அளவி, வாங்குங்கள். மூன்று எண்கள் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது குறி சொல்வதற்குச் சமம்.

முதலாவது, நின்ற நிலையில் இருக்கும் மின்னழுத்தம். வண்டி ஓடி நின்ற உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் உங்களை ஏமாற்றும். இரவு முழுவதும் நின்ற பின், கதவைத் திறப்பதற்கு முன்பாகவே பானெட் தாழ்ப்பாளை விடுவித்து வைத்திருந்து அளக்க வேண்டும். சாதாரண ஈய-அமில பேட்டரிக்கு 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 12.4க்குக் கீழே நாட்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் உள்ள அளவு, முதலில் எதையும் போடாமல், பிறகு முகப்பு விளக்கையும் குளிர்சாதன விசிறியையும் போட்டு. மூன்றாவது, ஸ்டார்ட்டர் சுழலும் அந்த இரண்டு விநாடியில் அளவு எதுவரை இறங்குகிறது என்பது.

அந்தக் கையடக்கக் கருவியைப் பற்றியும் ஒரு சொல். அது பேட்டரியின் உட்கடத்தலை அளந்து நிலையை ஊகிக்கிறது. பாதி இறங்கிய பேட்டரியில் மாட்டினால் நல்ல பேட்டரியையும் கெட்டதென்று காட்டக்கூடும். முழுதாக ஏற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். கடைக்காரருக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

வண்டியில் பிறகு சேர்த்தவை எவை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

---

பாயா லேபார் 4x4 | ஞாயிற்றுக்கிழமை, காலை 8.05

இந்த வண்டிகளில் வருகிற பேட்டரியே மிகச் சிறியது. பேட்டரி அமரும் தட்டைக் கொஞ்சம் மாற்றி 60 அல்லது 70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி போட்டுவிடுங்கள்; வசதியிருந்தால் லித்தியம் போடுங்கள். என் வண்டியில் அப்படித்தான் செய்தேன், ஒன்றரை ஆண்டாகப் பிரச்சினை இல்லை.

---

ஈசூன் பழைய மெக்கானிக் | ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10

ஓட்டைக் குடம் வடிகிறது என்று பெரிய குடம் வாங்கினால், அது சற்றுத் தாமதமாக வடியும், அவ்வளவுதான். இன்னொன்று, தட்டுக்குப் பொருந்தாத பேட்டரியைக் கயிறு போலப் பட்டை கட்டி வைத்துக்கொண்டு தோட்டச் சாலையில் குதிக்கவிட்டால், அதிர்வில் தகடுகளிலிருந்து பசை உதிர்ந்து அடியில் தங்கும். உயரமான பேட்டரியின் முனை பானெட்டில் தொட்டுத் தீப்பொறி பறந்த ஒரு வண்டியை என் கையாலேயே சரிசெய்திருக்கிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பின்பகுதியில் குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க அருமையானது. ஆனால் நம் ஊர் வெயிலில் எஞ்சின் அறைக்குள் அதை வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வெப்பம் ஏறக்குறைய 10 பாகை கூடினால் பேட்டரிக்குள் வேதிவினையின் வேகம் இரு மடங்காகும் என்பது பழைய கணக்கு. இங்கே சாதாரண பேட்டரியே குளிர்நாட்டைப் போல நீண்ட நாள் உழைப்பதில்லை. அதனால்தான் பேட்டரியைச் சுற்றித் துணியுறையோ பிளாஸ்டிக் மறைப்போ இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்கிறேன்.

---

அளவுகோல் | ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் 12.30

ஐயா கேட்ட மூன்று எண்களோடு நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வண்டி உறங்கும்போது எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்பது. நான் மின்பொறியாளர், கார் மெக்கானிக் அல்ல. ஆனால் இந்தச் சோதனைக்கு மின்சுற்றுப் பாடமே போதும்.

பானெட்டைத் திறந்து, ஒரு திருப்புளியால் தாழ்ப்பாளை மூடியது போலத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சில வண்டிகள் பானெட் திறந்திருப்பதாக நினைத்து விழித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியின் எதிர்முனைக் (மைனஸ்) கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியரை மீட்டர் தாங்காது, உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். கதவுகளை மூடி, சாவியை வீட்டில் வைத்துவிட்டு, நாற்பது நிமிடம் காத்திருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கிய பிறகு அளவு 50 மில்லி ஆம்பியருக்குள் வந்து நிற்க வேண்டும்.

அதற்கு மேல் இருந்தால் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட, ஃபியூஸின் முதுகில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட் அளவில் தொட்டுப் பாருங்கள். மின்னோட்டம் பாயும் ஃபியூஸில் மட்டும் சிறிய எண் ஒன்று தெரியும். பிடுங்கி மாட்டினால் உறங்கிய பெட்டி மறுபடி விழித்துக்கொள்ளும். நீங்கள் இன்னொரு நாற்பது நிமிடம் கொசுக்கடியில் நிற்க வேண்டிவரும்.

---

செம்பவாங் சேற்றுவண்டி | செவ்வாய்க்கிழமை, இரவு 11.15

ஐயாவுக்கும் சகோதரிக்கும் நன்றி. ஞாயிறு மாலை பேட்டரி இருந்த நிலையிலேயே வண்டியைத் தள்ளிக் கிளப்பி, விரைவுச்சாலையில் ஒன்றேகால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினேன். இரண்டு நாள் நின்ற பின் இன்று மாலை அளந்தேன்.

நின்ற நிலையில் 12.08 வோல்ட். எஞ்சின் ஓடும்போது எதையும் போடாமல் 13.75, விளக்கும் விசிறியும் போட்டால் 13.2. ஸ்டார்ட்டர் சுழலும்போது 10.3 வரை இறங்கியது. ஆனால் எஞ்சின் கிழவர் படியேறுவது போலத்தான் சுற்றியது. உறக்க நிலைக் கசிவு 310 மில்லி ஆம்பியர். ஃபியூஸ்களைத் தொட்டுக்கொண்டே போனதில், உட்புற விளக்குக்கான ஃபியூஸில் எண் தெரிந்தது. அந்த இடத்தில்தான் டேஷ்கேம் (முன்கண்ணாடிக் கேமரா) பொருத்தியவர் கம்பியை ஒட்டவைத்திருக்கிறார். டேஷ்கேமைக் கழற்றியதும் கசிவு 28 மில்லி ஆம்பியருக்கு வந்துவிட்டது. வண்டி நிற்கும்போதும் படமெடுக்கும் வசதியை, நிறுத்துமிடத்தில் யாரோ பின்பக்கத்தை உரசிவிட்டுப் போனதற்குப் பிறகு போட்டேன். பேட்டரி 11.8 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் அது தானே அணையும்படி வைக்கப்பட்டிருந்தது.

ஆக, திருடன் அகப்பட்டுவிட்டான் என்றே நினைக்கிறேன். இழையை முடித்துக்கொள்ளலாமா?

---

அளவுகோல் | புதன்கிழமை, காலை 7.20

முடிக்க வேண்டாம், கணக்கு இடிக்கிறது.

0.31 ஆம்பியர் வீதம் 48 மணி நேரத்தில் ஏறக்குறைய 15 ஆம்பியர்-மணி போயிருக்கும். உங்கள் பேட்டரி 45 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியிருக்க வேண்டும், மீட்டர் 12.3க்கு மேல் காட்டியிருக்க வேண்டும். நீங்கள் கண்டதோ 12.08. அதாவது மூன்றில் இரண்டு பங்கு காலி. பேட்டரிக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. பழசாகிக் கொள்ளளவு குறைந்தது என்று சொல்வதற்கும் இடமில்லை. எனவே ஞாயிறு மாலை நீங்கள் நிறுத்தியபோதே அது நிறைந்திருக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் விரைவுச்சாலையில் ஓடிய பிறகும் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் நிறைந்திருந்திருக்கிறது.

11.8 என்ற அணைப்பு அளவும் விபரீதமானது. அந்த அளவில் பேட்டரி கிட்டத்தட்ட வெறுமையாகிவிடும். டேஷ்கேமைக் காப்பாற்றுவதற்காக வைத்த அளவு அது, எஞ்சினைக் கிளப்புவதற்காக வைத்ததல்ல.

---

ஈசூன் பழைய மெக்கானிக் | புதன்கிழமை, காலை 8.45

சகோதரி சொல்வது சரி. எனக்கு இன்னொரு எண்ணும் உறுத்துகிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 10.3இல் நிற்கிறது, 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிப்பேன். பேட்டரி தாங்கி நிற்கிறது, ஆனால் எஞ்சின் சோம்பிச் சுற்றுகிறது என்றால், மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் திரும்பியும் அதே பாதையில்தான் வரவேண்டும். போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றாக அடைபட்டிருக்கிறது.

நம் வண்டிகளில் உடல் ஒன்று, சட்டம் ஒன்று, எஞ்சின் ஒன்று; மூன்றுக்கும் நடுவே ரப்பர். ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. ஆகவே இவற்றை பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கும் எர்த் கம்பிகளை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. சேற்றிலும் ஓடையிலும் இறங்கிய வண்டியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வெளியே நன்றாக இருக்கும். உறைக்குள் பச்சைப் பொடியாக இருக்கும். மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான்கு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் "இணைப்பு இருக்கிறது" என்றே காட்டும். சுமையோடு அளந்தால்தான் உண்மை வரும்.

செய்முறை இதுதான். எஞ்சின் ஓடட்டும், விளக்கும் விசிறியும் எரியட்டும். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள். அடுத்து, ஒன்றை ஆல்டர்னேட்டரின் உடலிலும் மற்றதை பேட்டரியின் எதிர்முனையிலும் வையுங்கள். பேட்டரி முனை என்றால் ஈயத் தூணையே தொட வேண்டும், அதன் மேல் இறுக்கியிருக்கும் கவ்வியை அல்ல. இரண்டும் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு பழைய வித்தை: நான்கைந்து முறை கிளப்ப முயன்ற பின் கிளட்ச் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள். எர்த் கம்பி செத்திருந்தால் மின்சாரம் கிடைத்த உலோகத்தின் வழியே ஓடும். கேபிள் சூடாக இருக்கும்.

---

பாசிர் ரிஸ் பயணி | புதன்கிழமை, பிற்பகல் 1.50

இடையில் ஒரு குறிப்பு, வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்காக. சிவப்பு விளக்கில் எஞ்சின் தானே நின்று தானே கிளம்பும் வசதியுள்ள சில வண்டிகளில் இரண்டு பேட்டரி உண்டு. இரண்டாவது சிறியது, கண்ணில் படாத இடத்தில் ஒளிந்திருக்கும். அது கெட்டால் பெரியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நான் பெரியதை மட்டும் இருமுறை மாற்றிய பிறகுதான் சின்னவனைப் பற்றியே தெரிந்துகொண்டேன். இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகச் சோதியுங்கள்.

---

செம்பவாங் சேற்றுவண்டி | சனிக்கிழமை, மாலை 6.30

ஐயா, கிளட்ச் கேபிள் சுட்டது. தொட்டதும் கையை எடுத்துவிட்டேன்.

அளவுகள் இவை. நேர்முனைப் பக்கம் 0.08 வோல்ட். எர்த் பக்கம் 0.9 வோல்ட். ஆல்டர்னேட்டரிலேயே நேராக அளந்தால் 14.2 வருகிறது, பேட்டரியில் 13.2 மட்டுமே. ஸ்டார்ட்டர் சுழலும்போது எர்த் பக்க இழப்பு 2.4 வோல்ட்டுக்குப் போனது. 10.3இல் 2.4 போனால் ஸ்டார்ட்டருக்கு 7.9தான் கிடைத்திருக்கிறது, அது ஏன் முனகியது என்பது இப்போது புரிகிறது.

அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து கியர்பெட்டி வரை போகும் கம்பியின் கீழ்முனை, போன ஆண்டு ஓடையில் இறங்கியபோது அப்பிய செம்மண்ணால் மூடியிருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்ததும் வளையம் தெரிந்தது; போல்ட்டைக் கழற்றியபோது வளையம் என் கையில் வந்தது, கம்பி வரவில்லை. உறையைப் பிளேடால் கீறினேன். ஒரு சாண் நீளத்திற்குச் செம்பு இழைகள் பச்சையும் கறுப்புமாகி, விரலால் தேய்த்தால் உதிர்ந்தன. பளபளப்பாக மிஞ்சியிருந்தவை ஏழெட்டு இழைகள். இத்தனை நாளும் வண்டி அந்த ஏழெட்டு இழைகளாலும் கிளட்ச் கேபிளாலும்தான் கிளம்பியிருக்கிறது.

25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், இரு முனையிலும் வளையத்தை அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடித் தரச் சொல்லி ஒரு கடையில் வாங்கிவந்தேன். போல்ட் அமரும் இடத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பின்னரே மேலே கிரீஸ் தடவினேன். உடலுக்கும் சட்டத்திற்கும் நடுவில் உள்ள சிறிய பட்டையையும் மாற்றிவிட்டேன். இப்போது எர்த் பக்க இழப்பு 0.05 வோல்ட். சுமையோடு பேட்டரியில் 14.1 வருகிறது. சாவியைத் திருப்பியதும் கிளம்பிய வேகத்தைக் கேட்டுப் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒரே ஐயம்: இறங்கிக் கிடக்கும் பேட்டரியை இப்போது எப்படி நிறைப்பது? எஞ்சினை நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓடவிடலாமா?

---

அளவுகோல் | சனிக்கிழமை, இரவு 8.10

வேண்டாம். சிங்கப்பூரில் நிறுத்திய வண்டியின் எஞ்சினைக் காரணமின்றி ஓடவிடுவது சட்டப்படி குற்றம். அதோடு அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனையும் தராது. ஓட்டினாலும் முதல் எண்பது விழுக்காடு விரைவாக ஏறும். கடைசி இருபதுக்குப் பல மணி நேரம் ஆகும். செம்பவாங்கிலிருந்து தேக்கா போய்வருவதில் அது நடக்காது.

பலமாடி நிறுத்துமிடத்தில் நமக்கு மின்செருகி கிடையாது. பொதுவிடத்து மின்சாரத்தைத் தொடுவது திருட்டு. எனவே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். 5 ஆம்பியர் தானியங்கிச் சார்ஜரில் ஓர் இரவு வைத்தால் நிறைந்துவிடும். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில், சன்னலைத் திறந்துவைத்து ஏற்றுங்கள். முடிவுக் கட்டத்தில் ஹைட்ரஜன் வெளியேறும், பக்கத்தில் அடுப்பு கூடாது. நான் சந்தைத் தள்ளுவண்டியில் வைத்து மின்தூக்கியில் ஏற்றுவேன். ஒன்பதாம் மாடிப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு முறையும் அது என்ன என்று கேட்பார், இப்போது அவரே "சார்ஜ் ஆகிவிட்டதா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

---

பாயா லேபார் 4x4 | சனிக்கிழமை, இரவு 9.00

நான் சொன்ன பெரிய பேட்டரி ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் டேஷ்கேமை அணைத்துவிடச் சொல்லாதீர்கள். என் வண்டிக் கதவை இடித்துவிட்டு ஓடியவரை அந்தப் படத்தால்தான் பிடிக்க முடிந்தது. அணைப்பு அளவை 12.4க்கு உயர்த்தி, ஆறு மணி நேரத்தில் நிற்கும்படி வைத்தால் போதாதா?

---

ஈசூன் பழைய மெக்கானிக் | சனிக்கிழமை, இரவு 9.35

தினமும் ஓடும் வண்டிக்குப் போதும். வாரம் ஒருமுறை ஓடும் வண்டிக்கு என் பதில் அணைத்துவிடுங்கள் என்பதுதான். இல்லையென்றால் டேஷ்கேமுக்கென்றே விற்கும் தனிச் சிறு பேட்டரியை இருக்கைக்கு அடியில் வையுங்கள். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

தம்பி, அடுத்து வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் மின்கருவி) பொருத்தப் போவதாக என்னிடம் நேரில் சொல்லியிருந்தீர்கள். 9,500 பவுண்டு வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; உங்கள் ஆல்டர்னேட்டரால் அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே ஈடுகட்ட முடியும். மூன்று மாதம் இந்தப் பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

---

செம்பவாங் சேற்றுவண்டி | நான்கு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20

இழையை மீண்டும் எழுப்புவதற்கு மன்னிக்கவும். முடிவைச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

ஐந்து நாள் நின்ற பின் நேற்று அளந்தேன்: 12.57. நான்கு மாதத்தில் ஒருமுறைகூட வண்டி அடம்பிடிக்கவில்லை. டேஷ்கேம் ஓடும்போது மட்டுமே படமெடுக்கிறது. பின்பக்கத்தில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது, யாரென்று தெரியவில்லை. கோத்தா திங்கிக்கு இருமுறை போய்வந்தோம். திரும்பிய மறுநாளே எர்த் முனைகளில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, 0.2 தாண்டவில்லை என்று அளந்து பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

இரண்டாவதாக வாங்கிய பேட்டரி நினைவுக்கு வந்தது. நண்பர் ஒருவர் அதைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி, மீன்தொட்டி விளக்குக்காக வைத்திருந்தார். அதை அவர் அவ்வப்போது நிறைய ஏற்றிவந்திருக்கிறார். முழுதாக ஏற்றி இரண்டு நாள் விட்டு அளந்தோம், 12.61 காட்டியது. அதே கையடக்கக் கருவி இன்னொரு கடையில் அதை நல்ல பேட்டரி என்றது. முதல் பேட்டரியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன்; அது உண்மையிலேயே கெட்டதா என்பதை இனி அளந்து பார்க்க முடியாது.

ஐயா, நீங்கள் இரவல் கொடுத்த, கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை ஈசூன் வந்து தருகிறேன். வின்ச் கம்பியின் தடிமனைப் பற்றியும் அப்போது கேட்க வேண்டும்.